தவிலுக்குப் பக்கத்தில் ஓர் இடம்

மட்டக்குளியில் புறப்படும் 155ஆம் இலக்க பஸ் கொட்டாஞ்சேனையையும் மருதானையையும் தாண்டி, பம்பலப்பிட்டியில் காலி வீதியைப் பிடித்து, வெள்ளவத்தை, தெஹிவளை என்று தெற்கே போகும். கொழும்புத் தமிழரின் இசை எங்கே நடக்கிறது என்று யாராவது கேட்டால் இந்த பஸ் போகும் வழியைத்தான் காட்டுவேன். பம்பலப்பிட்டியில் சரஸ்வதி மண்டபம், புதிய கதிரேசன் மண்டபம். வெள்ளவத்தையில் இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் சங்கரப்பிள்ளை மண்டபம். கர்நாடக இசைக் கச்சேரி, அரங்கேற்றம், இசை விழா என்றால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றில்தான். வழியின் மறுமுனையில், களனி கங்கை கடலில் விழும் இடத்தில், நாங்கள் இருக்கிறோம். காக்கைதீவுக் கடற்கரை, தொடர்மாடிகள், துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகள், கோயில்கள், மாதா கோயில்கள், பள்ளிவாசல்கள். எங்கள் பக்கத்தில் மண்டபம் என்றால் கலியாண மண்டபம்தான்.

தெற்கே நடக்கும் கச்சேரிகளுக்கு நுழைவுச் சீட்டு அநேகமாக இருப்பதில்லை. 'அனைவரும் வருக' என்று அழைப்பிதழின் அடியில் அச்சிட்டிருப்பார்கள், மனப்பூர்வமான அழைப்புத்தான். ஆனால் மட்டக்குளியிலிருந்து போகிறவருக்குச் செலவு வாசலில் இல்லை, திரும்பி வருவதில் இருக்கிறது. ஆறு மணி என்று போட்டிருந்தால் ஆறரைக்கு மங்கள விளக்கு. பிறகு வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை, நினைவுச் சின்னம். வித்துவான் வர்ணத்தை எடுக்கும்போது ஏழே கால் ஆகிவிடும். இராகத்தை விரித்து, கீர்த்தனைக்கு வந்து, நிரவல், கற்பனை ஸ்வரம் என்று ஏறி, தனி ஆவர்த்தனத்துக்கு முன் மிருதங்கக்காரர் கையைத் துடைத்துக்கொள்ளும் நேரத்தில் வடக்கே போகும் பஸ்கள் குறைந்துவிடும். எங்கள் பக்கத்து ஆட்கள் செருப்பைத் தேடும் நேரம் அது. தவறவிட்டால் ஓட்டோ. அந்தக் காசில் ஒரு குடும்பத்தின் இராச்சாப்பாடு முடிந்துவிடும்.

இப்படி எழுந்து போகிறவர்களைப் பார்த்து, "நம்மட சனத்துக்கு முழுக் கச்சேரியும் இருந்து கேட்கப் பொறுமை இல்லை" என்று ஒரு பெரியவர் ஒலிவாங்கியில் வருத்தப்பட்டதைக் கேட்டிருக்கிறேன். வருத்தம் உண்மையானதுதான். ஆனால் அவர் வீடு நடந்துபோகும் தூரத்தில் இருந்திருக்க வேண்டும். கொழும்பு வடக்கில் இசையில் ஈடுபாடு உள்ள பலர் வாழ்நாள் முழுக்க வர்ணத்தையும் முதல் இரண்டு உருப்படிகளையும் மட்டுமே நேரில் கேட்டிருக்கிறார்கள். பிரதான இராகத்தை அவர்கள் வானொலியிலும் இப்போது தொலைபேசியிலும்தான் அறிவார்கள். பேச்சுகளைக் கச்சேரிக்குப் பின்னால் வைத்தால் ஒரு சதம் செலவில்லாமல் இது மாறும். ஏன் வைப்பதில்லை என்பதும் தெரிந்ததுதான். பேச்சுக்கு யாரும் இருக்கமாட்டார்கள்.

குறைந்த செலவில் நல்ல இசை கேட்க விரும்புகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது அரங்கேற்றங்களை. வடஇலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளைத் தரம் தரமாக எழுதி வந்த பிள்ளை ஒரு நாள் மேடை ஏறும். அதற்காகப் பெற்றோர் பல வருடம் சேர்த்த பணத்தைச் செலவழிப்பார்கள். மண்டபம், ஒலி, ஒளி, ஒப்பனை, சாப்பாடு, பக்கவாத்தியக்காரரின் விமானச் சீட்டு எல்லாம் அவர்கள் தலையில். ஆவணி மாதமளவில், வெளிநாட்டுப் பள்ளிக்கூடங்கள் விடுமுறை விடும்போது, லண்டனிலும் ரொறன்ரோவிலும் வளர்ந்த பேரப்பிள்ளைகள் சிலரின் அரங்கேற்றமும் இங்கே வந்து நடக்கும். அழைப்பிதழ் சொந்தக்காரருக்கும் தெரிந்தவருக்கும் என்று அச்சடித்தாலும், மண்டபத்தை நிரப்ப வேண்டும் என்ற கவலை வீட்டாருக்கு உண்டு. ஒழுங்காக உடுத்துப் போய் பின்வரிசையில் உட்காருகிறவரை யாரும் யார் என்று கேட்பதில்லை. சந்தனமும் கற்கண்டும் தந்து உள்ளே அனுப்புவார்கள்.

நடன அரங்கேற்றத்தில் எல்லாக் கண்ணும் மேடை நடுவில் இருக்கும். ஒரு பக்கமாகச் சப்பணம் கட்டியிருக்கும் பாட்டுக்காரரைக் கவனித்தால் அன்றைக்கு இரண்டு கச்சேரி கேட்டதாகும். பதவர்ணத்தில் ஒரே அடியைத் திருப்பித் திருப்பி, பிள்ளை அபிநயத்தை முடிக்கும்வரை, ஒவ்வொரு தடவையும் வேறு சங்கதியில் பாட வேண்டும். தனிக் கச்சேரியில் ஒரு அடியில் இவ்வளவு நேரம் தங்க யாருக்கும் துணிவு வராது. அதைவிட நல்லது மிருதங்க அரங்கேற்றம். பிள்ளையின் கையைக் காட்ட வேண்டும் என்பதற்காகப் பாட்டுக்கு முதல்தரமான ஒருவரை அழைப்பார்கள், பல்லவி பாடுவார்கள், தனி ஆவர்த்தனம் அவசரம் இல்லாமல் நடக்கும். சீட்டுப் போட்டு விற்றால் எங்களுக்கு எட்டாத கச்சேரி அது. எங்கள் ஒழுங்கையில் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஓர் ஐயா இருந்தார். கோயில் அறிவிப்புப் பலகையிலும் கடை வாசல்களிலும் ஒட்டியிருக்கும் அரங்கேற்றத் தேதிகளைக் கொப்பியில் எழுதி வைத்திருப்பார். இராகத்தின் பெயர்கள் அவருக்கு வராது. "போன மாசம் அந்தக் கறுத்தப் பிள்ளை ஆடினபோது பாடினதுதான் இது" என்பார். சரியாகவே இருக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பானவர். கேட்டால் முடிவுவரை இருக்க வேண்டும், போகும்போது பிள்ளையிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும். ஓட்டோக் காசை அதற்காகவே பிடித்து வைப்பார்.

இதெல்லாம் தெற்கே போய்க் கேட்பது. எங்கள் பக்கத்திலேயே வருடம் முழுக்க நேரில் கேட்கக் கிடைப்பதை இசை என்றே பலர் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு அதில்தான் அக்கறை அதிகம்.

கோயில் கொடியேற்றம் ஆனதும் யாழ்ப்பாணத்திலிருந்து மேளக் கோஷ்டி வந்து இறங்கும். இணுவில், அளவெட்டி, கைதடி, நாச்சிமார்கோயிலடி. ஊர்ப் பெயரைச் சொன்னாலே என்ன வாசிப்பு என்று தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். வசந்த மண்டபப் பூசை முடிந்து சுவாமி எழுந்தருளும்போது மல்லாரி. உள்வீதி சுற்றி வந்து ஓரிடத்தில் சுவாமியை நிறுத்தி, இரண்டு தவில், இரண்டு நாதஸ்வரம், ஒத்து, தாளம் என்று வட்டம் கட்டிச் சமா தொடங்கும். வட்டத்தின் உள்ளே சிறுவர்கள் உட்காருவார்கள். தவிலின் தோலுக்கும் பிள்ளையின் முகத்துக்கும் இடையில் ஒரு முழம்கூட இராது.

அந்த ஒரு முழத்தில்தான் இசை வேறாகிறது. பலாக்கட்டையைக் குடைந்து செய்த தவிலின் ஒரு பக்கத்தைக் கழியால் அடிக்கிறார்கள், மறுபக்கத்தைக் கூடு மாட்டிய விரல்களால். தூரத்திலிருந்து கேட்டால் ஒரே முழக்கம். பக்கத்தில் இருந்தால் விரல் ஒவ்வொன்றும் தனியாகக் கேட்கும். கழி தோலைத் தொட்டுவிட்டு எப்படித் துள்ளுகிறது என்று தெரியும். அடி விழுமுன் வாசிக்கிறவரின் தோள் இறங்குவது தெரியும். நாதஸ்வரக்காரர் ஒரு பிடியை முடித்துவிட்டு மூச்சு எடுக்கும் சத்தம் கேட்கும். சீவாளி ஒத்துவராவிட்டால் கழற்றி, தொங்கும் கொத்திலிருந்து இன்னொன்றை எடுத்து நாக்கில் நனைத்துப் பொருத்துவார். அந்த இடைவெளியில் தவில்காரர் சும்மா இருக்கமாட்டார். இரண்டு பேரும் கண்ணால் பேசிக்கொள்வார்கள். நான் கேட்ட இசைத்தட்டு எதுவும் இதை எனக்குத் தரவில்லை.

தவில் மேதை தட்சணாமூர்த்தி 1933இல் பிறந்து 1975இல் மறைந்தவர். அவரைத் தமிழகத்து நாதஸ்வர வித்துவான்கள் தங்களுக்கு வாசிக்க அழைத்துக்கொண்டுபோனார்கள். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு இந்திய தேசிய விருது கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் அவருக்குப் பின்னால் சைக்கிளில் கோயில் கோயிலாகப் போன தலைமுறை ஒன்று இருந்தது. அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தை நல்லூரில் நின்று கேட்டவர்களுக்கும் அப்படி ஒரு பித்து இருந்தது. அந்தச் சனம் ஒரு சதம் கொடுத்துக் கேட்கவில்லை. மணலில் துண்டை விரித்து, விடியும்வரை இருந்து கேட்டது. ஆனால் அப்படி இருந்தவர்களில் யார் தாளம் பிசகாமல் போடுகிறார், யார் சும்மா தலையாட்டுகிறார் என்பது வாசிக்கிறவருக்குத் தெரியும். காசு கொடுக்காத கூட்டம் என்பதால் கலைஞர் குறைத்து வாசித்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. விஷயம் தெரிந்த ஒருவர் முன்னால் இருக்கிறார் என்றால் கூட்டித்தான் வாசித்திருக்கிறார்கள்.

பெரிய மேடைகளில் ஒழுங்கு தலைகீழ். கிட்டப் போகப் போக விலை ஏறும். 2024 பெப்ரவரி 9ஆம் திகதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் பாடிய இரவில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். கட்டணம் கொடுத்தவர்களுக்கு மேடைப் பக்கம், இலவசமாக வந்தவர்களுக்குத் தடுப்புக்கு அப்பால் நிலம். தூரத்தில் நின்றவர்களுக்கு மேடை தெரியவில்லை, தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்கள், நிகழ்ச்சி குழம்பியது. அடுத்த சில நாட்கள் பத்திரிகைகளில் யாழ்ப்பாணத்து இளைஞரின் ஒழுக்கம் பற்றி நிறைய எழுதினார்கள். அன்று நடந்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். சீட்டு வாங்கி வந்த குடும்பங்களுக்கு அது அநியாயம். ஆனாலும் அந்தப் பையன்களில் பலர் கோயில் வட்டத்துக்குள் உட்கார்ந்து வளர்ந்தவர்களாக இருப்பார்கள். கூப்பிட்டுவிட்டு எட்ட நிற்கச் சொல்லும் இசை அவர்களுக்குப் பழக்கமில்லாதது. ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்த்தால் கிட்டே இருந்து கேட்பது சிலருக்குத்தான் முடியும், அந்தச் சிலர் காசு உள்ளவர்களாகத்தான் இருப்பார்கள். இடம் சிறியதாக இருந்தால் இந்தச் சிக்கலே எழாது.

இலண்டனில் தோமஸ் பிரிட்டன் என்றொருவர் இருந்தார். கரி மூட்டையைத் தோளில் சுமந்து தெருத் தெருவாகக் கொண்டுபோய் விற்றவர். கிளார்க்கன்வெல்லில் அவருடைய கரிக்கிடங்குக்கு மேலே, வெளிப்புறமாக ஏறும் செங்குத்தான படிக்கட்டின் முடிவில், தாழ்ந்த கூரையுள்ள நீளமான அறை ஒன்று. 1678இலிருந்து 1714இல் சாகும்வரை அங்கே வாராவாரம் கச்சேரி நடத்தினார். முதலில் இலவசம், பின்னால் ஆண்டுக்குச் சிறு சந்தா, கோப்பிக்குத் தனியாக ஒரு பென்னி. பிரபுக்களும் அந்தப் படியில் ஏறி வந்து கரிக்காரரின் வீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஹேண்டல் அங்கே வாசித்ததாகச் சொல்வார்கள். ஐரோப்பாவின் பொதுக் கச்சேரி வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் கரிக்கிடங்கைத் தாண்டிப் போக முடியாது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாழும் எங்களுக்கு அந்த அறையைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை. சாமான் கிடங்குகளுக்கு மேலே குடியிருந்த சனம்தான் நாங்களும்.

மாதா கோயில் பக்கம் வருகிறேன். கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருநாள் ஜூன் 13. செவ்வாய்க்கிழமை நொவேனாவில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் மாறி மாறிப் பாடப்படுவதைக் கேட்க வரும் இந்துக்களும் முஸ்லிம்களும் உண்டு. 2019 ஏப்ரல் 21இல் குண்டு வெடித்து, ஜூன் 12இல் தேவாலயம் மறுபடி திறக்கப்பட்டபோது, மறுநாள் திருநாளுக்குச் சனம் பயத்தோடு வந்தது. வந்து பாடியது. அந்தக் கடலோரம் முழுக்க, முகத்துவாரம் வரை, திருநாள் என்றால் பாட்டு. தபசு காலத்தில் கேட்பது இன்னும் பழையது. கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்து 1742இல் இங்கேயே மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதியவர். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலம் அது. இயேசுவின் பாடுகளை நினைந்து புலம்பும் வியாகுலப் பிரசங்கம் தமிழில் அவர் பெயரில்தான் வழங்குகிறது. சிங்களத்தில் அதற்கு இணையானதையும் அவரே எழுதினார். கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் அதை இராகம் போட்டு வாசிக்கத் தெரிந்த ஆட்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. பக்கவாத்தியம் இல்லை, மேடை இல்லை. பெரிய வெள்ளிக்கு முந்தின நாட்களில் தேவாலயத்துக்குள் போய் ஒரு மூலையில் உட்கார்ந்தால் கேட்கலாம். முந்நூறு வருடத்துக்குக் கிட்டிய பாட்டு மரபு ஒன்று, வெள்ளவத்தையில் இசை விழா நடத்துகிற எவருடைய நிகழ்ச்சி நிரலிலும் இல்லாமல், எங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கிறது.

தேவாலயப் பாடகர் குழுவில்தான் எங்கள் பையன்கள் கிட்டாரும் கீபோர்டும் பிடிக்கப் பழகுகிறார்கள். ஞாயிறு காலை பூசைக்கு வாசித்த கை, சனி இரவு கலியாண வீட்டில் பைலா வாசிக்கும். பைலாவை இந்தப் பக்கத்தில் யாரும் சிங்களப் பாட்டு என்று தள்ளிவைப்பதில்லை. போர்த்துக்கேயரும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கரும் விட்டுப்போன கஃப்ரிஞ்ஞா தாளத்தை, பொலிஸ்காரராக இருந்த வொலி பஸ்தியன் 1940களில் சிங்களக் கோரஸ் பைலாவாக்கினார். இரண்டு பேர் மேடையில் நின்று உடனடியாக அடிகட்டிச் சண்டைபோடும் வாத பைலா களியாட்ட விழாக்களில் கூட்டத்தைக் கட்டிவைத்தது. 1970களில் அதே தாளத்தைத் தமிழில் இறக்கியது பொப் இசை. நித்தி கனகரத்தினம், எம்.பி. பரமேஷ், பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று அழைக்கப்பட்ட ஏ.இ. மனோகரன். பள்ளிக்கூட மண்டபத்திலும் வாசிகசாலை முற்றத்திலும் ஒரு கிட்டார், ஒரு பொங்கோ டிரம், ஒரு ஒலிவாங்கி என்று அவர்கள் பாடிய காலத்தில் கொழும்பில் தமிழ் இளைஞருக்கு வேறு ஒரு பொழுது இருந்தது. 1983 கலவரத்துக்குப் பிறகு தமிழில் பாடிக்கொண்டு இரவில் தெருவில் போக யாருக்கும் மனம் வரவில்லை. சிறிய இடங்களில் பாடும் பழக்கம் அப்படித்தான் எங்களிடமிருந்து போனது. போனது இன்னும் முழுதாகத் திரும்பி வரவில்லை. போர் முடிந்த பிறகு வந்தவை பெரிய மைதானங்களும் இந்திய நட்சத்திரங்களும்தான்.

இனி, பணம். கோயிலில் நாங்கள் சும்மா கேட்ட மேளத்துக்கு யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள். உபயகாரர். செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருப்பவர், புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்கிறவர், சில இடங்களில் ஒரு தெருவே சேர்ந்து எடுக்கும் உபயம். அன்றைய திருவிழா அவருடையது. பூசைச் சாமான், பூ, அன்னதானம், மேளம் எல்லாம் அவர் கணக்கு. மண்டபக் கச்சேரிக்கு அனுசரணையாளர் என்று ஒருவர் இருக்கிறார். அவருடைய பதாகை மேடைக்குப் பின்னால் தொங்கும், அவர் பேச்சும் இருக்கும். உபயகாரர் பேசமாட்டார். பரிவட்டம் கட்டி, காளாஞ்சி வாங்கி, சுவாமிக்குப் பக்கத்தில் நடப்பார். மேளத்தைக் கேட்க வந்த சனம் அவருக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. இசையை ஏழைகளின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்த முறைகளில் இதைவிடக் கண்ணியமான ஒன்றை நான் அறியேன். இதற்குள் சாதி எப்படிக் கிடந்தது, மேளகாரரை எந்த வாசலோடு நிறுத்தினார்கள் என்பதும் எனக்குத் தெரியும். வட்டத்துக்குள் உட்கார எல்லோரையும் எல்லாக் காலத்திலும் விட்டதில்லை. அந்தப் பழியைச் சுமந்துகொண்டுதான் இந்த முறையை நான் மெச்சுகிறேன்.

இப்போது உபயத்துக்குள் மேளத்தின் பங்கு சுருங்குகிறது. திருவிழாச் செலவில் மின்விளக்குச் சோடனையும் ஒலிபெருக்கியும் வருடா வருடம் பெருக்கிறது. நாதஸ்வரத்தின் வாயருகே ஒலிவாங்கியைக் கட்டி, நாலு சந்திக்கும் குழாய் ஸ்பீக்கர் போட்டுவிடுகிறார்கள். திறந்த வெளிக்கென்றே செய்த வாத்தியம் அது. ஒலிபெருக்கி வந்ததும் வட்டத்துக்குள் இருக்கும் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போகிறது. வட்டம் கலைந்தால் வாசிக்கிறவருக்கு யாருக்காக வாசிப்பது என்று தெரியாமல் போகிறது.

அதைவிட மோசமானது நித்திய பூசையில் நடப்பது. சுவிட்சைப் போட்டால் மணியும் முரசும் தானாக அடிக்கும் இயந்திரம் பல கோயில்களில் வந்துவிட்டது. ஒரு மோட்டார், இரண்டு கோல், ஒரு மணி, ஒரு தோல். காலையும் மாலையும் ஒரே அடி. தவில்காரருக்கும் நாதஸ்வரக்காரருக்கும் திருவிழாக் காலத்தில் கிடைப்பது கைக்கும் வாய்க்கும்தான் காணும். வருடம் முழுக்க அடுப்பு எரிவது நித்திய பூசை மேளத்தில். 2020இலும் 2021இலும் பெருந்தொற்றுக்காகத் திருவிழாக்களைக் கோயிலுக்குள் அடக்கினார்கள். 2022இல் எரிபொருள் வரிசை; யாழ்ப்பாணத்திலிருந்து கோஷ்டி வருவதற்கே வழியில்லை. அந்த மூன்று வருடமும் இயந்திரம் மட்டும் தவறாமல் அடித்தது. அதனால் பல இடங்களில் பிறகு ஆளைத் திருப்பிக் கூப்பிடத் தோன்றவில்லை. கோயில் நிர்வாகத்துக்கும் கஷ்டம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பத்து வயதில் தவிலைத் தோளில் போட்ட ஒருவர் அந்த மோட்டார்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கோயில் வாசலில் செருப்புக் காவலுக்கு இருப்பதைப் பார்க்க எனக்கு மனம் தாங்கவில்லை.

சென்னையில் மார்கழிக் கச்சேரிகள் நடக்கும்போது பெரிய சபாக்களில்கூட மத்தியானக் கச்சேரி பெரும்பாலும் இலவசம். நாளைக்குப் பெயர் எடுக்கப்போகும் பிள்ளைகள் அந்த நேரத்தில் பாடுகிறார்கள். ஓய்வு பெற்ற கிளார்க்குமாரும் மாணவர்களும் கன்டீன் சாப்பாட்டோடு அங்கேயே நாளைக் கழிக்கிறார்கள். 2015இல் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் பெசன்ட் நகர்க் கடலோரத்தில் ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர்களோடு சேர்ந்து அங்கேயே விழா எடுத்தார்கள். சபாவுக்கு வராதவர்களை வரச் சொல்லி அழைக்காமல், வித்துவான்கள் குப்பத்துக்குப் போனார்கள். அதைப் பற்றி அங்கே நிறைய வாக்குவாதம் நடந்தது. குப்பத்துக்கு இசையைக் கொண்டுபோவதாக நினைப்பதே மேட்டிமை என்றவர்களும் உண்டு. எங்கள் ஊரைப் பொறுத்தவரை எனக்கு அந்தக் குழப்பம் இல்லை. மட்டக்குளிக்கு இசையைக் கொண்டுவர வேண்டியதில்லை, இருப்பதைக் கைவிடாமல் இருந்தால் போதும். கொண்டுவர வேண்டியது முழுதாக இருந்து கேட்கக்கூடிய ஒரு கச்சேரியை.

அதற்கு இடமும் இருக்கிறது. 1897 ஜனவரியில் விவேகானந்தர் கொழும்பில் வந்து இறங்கினார். அவர் பெயரில் 1902இல் தொடங்கிய விவேகானந்த சபை கொட்டாஞ்சேனை விவேகானந்த மேட்டில் இன்றும் நிற்கிறது. மட்டக்குளி, முகத்துவாரம், ஆட்டுப்பட்டித்தெரு, ஜிந்துப்பிட்டி எங்கிருந்தும் கிட்டத்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு, பின்னேரம் நாலரைக்கு, அங்கோ அதைப்போன்ற ஒரு மண்டபத்திலோ, இரண்டு மணித்தியாலக் கச்சேரி. ஒரு மாதம் வாய்ப்பாட்டு, ஒரு மாதம் நாதஸ்வரம், ஒரு மாதம் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கிறவரைக் கூப்பிட்டு அவருக்கு முன்னால் எல்லோரும் நிலத்தில் உட்காருவது. இன்னொரு மாதம் பக்கீர்மார் றபானோடு பைத் பாடட்டும். தபசு முடிந்ததும் பைலா. விளக்கை ஏற்றியவுடன் சுருதி சேர்க்க வேண்டும். பேச்சு வேண்டாம். நூறு பேர் கொள்ளும் இடத்துக்கு ஒலிவாங்கியும் வேண்டாம்.

இலவசமாக வைக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். உபயம் இல்லாத இடத்தில் இலவசம் என்றால் கலைஞரின் சட்டைப் பையிலிருந்து எடுப்பது என்று பொருள். பெரியவர்களுக்கு ஒரு கொத்துரொட்டி விலைக்குள் அடங்கும் சீட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீட்டு இல்லை, சேர்ந்த காசு முழுக்க வாசித்தவர்களுக்கு. நூறு பேர் வந்தால் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கோஷ்டியின் போக்குவரத்துக்கும் சன்மானத்தில் ஒரு பகுதிக்கும் போதும். மிச்சத்துக்கு உபயகாரர் ஒருவர் வரத்தான் வேண்டும். பெயரைப் பதாகையில் போடச் சொல்லாத ஒருவர் எங்கள் பக்கத்தில் கிடைப்பார். பரம்பரை பரம்பரையாகக் கிடைத்திருக்கிறார்.

இது நடக்க நாளெடுக்கும். அதற்கிடையில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எங்கள் ஒழுங்கை ஆட்கள் சிலர் சேர்ந்து அடுத்த திருவிழாவில் ஒரு இரவு உபயம் எடுத்திருக்கிறோம். சோடனைக்காரரிடம் வளைவு விளக்கு வேண்டாம், வீதிக்கு இரண்டு டியூப் லைட் போதும் என்று சொல்லியாயிற்று. அந்தக் காசு மேளத்துக்குப் போகிறது. இணுவிலிலிருந்து இரண்டு தவில், அளவெட்டியிலிருந்து இரண்டு நாதஸ்வரம்; பேசி, முற்பணமும் அனுப்பிவிட்டோம். குழாய் ஸ்பீக்கரை அன்றைக்கு ஒரு மணித்தியாலமாவது நிறுத்துவதற்கு நிர்வாகம் ஒத்துக்கொண்டிருக்கிறது. சுவாமி தெற்கு வீதியில் நிற்கும்போது சமா. தெருப் பிள்ளைகளுக்கு எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.